ஜாஸ் பாடகர்களுடன் இணையவழி உரையாடல் தொடர் நடத்துவது எப்படி: முதல் கடிதத்திலிருந்து வெளியீடு வரை

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து, நியூயார்க் வட்டாரத்து ஜாஸ் பாடகர்களை மாதம் ஒருவராக அழைத்து இணையத்தில் பேச வைக்கிறோம். கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கேயே இருக்கிறார்கள். மீதிப் பேர் சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர் என்று பரவிக் கிடக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் தொடங்கிய சில குழுக்களுக்கு உதவப் போனேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: போஸ்டரில் தொடங்கி, தேதி குறித்து, லிங்க் அனுப்பி, கேள்வி எழுதி, கடைசியில் அன்றைக்குப் பத்து நிமிடம் முன்னால் மைக்கைப் பார்க்கிறார்கள். அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் பாடகரைக் காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்து, அவர் குரல் ஒழுங்காகக் கேட்க வழி செய்யுங்கள். போஸ்டர் கடைசி வேலை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பேர் வேண்டும். ஒருவர் நெறியாளர், ஒருவர் ஒலியை மட்டும் கவனிப்பவர், ஒருவர் பார்வையாளர் கேள்விகளைத் திரட்டுபவர். நெறியாளரே மூன்றையும் செய்தால், பாடகர் முக்கியமான ஒன்றைச் சொல்லும்போது அவர் சாட்பெட்டியில் 'சத்தம் கேட்கவில்லை' என்பவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். நான் அப்படி எழுதியிருக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சிக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். அதில் முதல் இரண்டு வாரம் வெறும் கேட்பதற்கு.

1. தொடருக்கு ஒரு அச்சு, அதாவது ஒரு மையப்பொருள், வேண்டும்

'ஜாஸ் பாடகருடன் ஒரு மாலை' என்றால் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்றாவது நிகழ்ச்சியிலேயே கேள்விகள் திரும்ப வந்துவிடும்.

எங்கள் முதல் தொடரின் அச்சு, பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறவர்கள். கார்மென் மெக்ரே, சாரா வான், ஷெர்லி ஹார்ன் என்று அந்த வழிக்கு ஒரு நீண்ட வரிசை உண்டு. ஷெர்லி ஹார்ன் பாட்டை நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக எடுப்பார். தன் விரலே தனக்குப் பக்கவாத்தியம் என்பதால் அந்த இடைவெளியை எவ்வளவு நீட்டுவது என்பதும் அவர் கையிலேயே இருந்தது. இந்த ஒரு விஷயத்திலிருந்தே ஐந்து நிகழ்ச்சிக்குக் கேள்வி வந்தது. இரண்டாவது தொடருக்கு, குரலும் பாஸும் (அடிநாதம் தரும் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும் சேர்ந்து பாடும் முறையை எடுத்தோம். ஷீலா ஜோர்டன் பல பத்தாண்டுகள் வளர்த்த வழி அது.

அச்சு இருப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 'என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?' என்று ஒவ்வொரு விருந்தினரும் கேட்பார், வாய்விட்டோ மனசுக்குள்ளோ. அதற்கு ஒரு வரிப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு நிகழ்ச்சியோடு தொடரை முடித்துக்கொள்ளுங்கள்; முடிவில்லாத தொடருக்கு யாரும் நாள் ஒதுக்க அவசரப்படுவதில்லை.

2. அழைப்பதற்கு முன் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். பிறந்த ஊர், வாங்கிய விருது, யாரிடம் பயின்றார் என்பதைப் படித்துக்கொண்டு வருவார்கள். அவையெல்லாம் பாடகர் ஆயிரம் முறை சொல்லி அலுத்தவை. நீங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்த நொடியில் பேச்சின் தொனியே மாறும்.

குறைந்தது மூன்று ஆல்பம், ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவு. அதன் பின் அவர் பாடிய ஒரு ஸ்டாண்டர்டை எடுத்து, அதையே முன்னோர் இருவர் பாடியதோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். ஸ்டாண்டர்ட் என்பது ஜாஸ் உலகில் எல்லோரும் பாடும் பாட்டு. ஒரே கீர்த்தனையைப் பத்து வித்வான்கள் பாடுவது போல.

ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 1930இல் வந்த 'பாடி அண்ட் ஸோல்'. பில்லி ஹாலிடேயும் பாடியிருக்கிறார், சாரா வானும் பாடியிருக்கிறார். பாட்டில் நான்கு பகுதி: முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. அந்த மூன்றாவதைத்தான் பிரிட்ஜ் என்பார்கள். வழக்கமாக இந்தப் பாட்டு ஒன்றரைக் கட்டையில் தொடங்கும். பிரிட்ஜ் வந்ததும் இரண்டு கட்டைக்கு ஏறிவிடும். நான்கு பார் (தாளச் சுற்று) கழித்து ஒரு கட்டைக்கு இறங்கி, வழுக்கிக்கொண்டே திரும்ப ஒன்றரைக்கு வந்து சேரும். பாட்டு நடுவில் யாரோ சுருதிப் பெட்டியைத் திருகிவிட்டது மாதிரி! பாடகர் தன் குரலுக்கேற்ப வேறு கட்டையில் எடுத்திருக்கலாம். ஆனால் அந்த அரைப் படி ஏற்றம் எங்கும் போகாது.

இதைக் காதால் பிடித்துவிட்டால் கேள்வி தானாக வரும். 'பிரிட்ஜில் நுழையும்போது முதல் சுரத்தை எங்கிருந்து பிடிக்கிறீர்கள், பாஸிடமிருந்தா, பியானோவிடமிருந்தா, ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கிறீர்களா?' இந்தக் கேள்வியைக் கேட்டபோது எங்கள் விருந்தினர் பதில் சொல்லவில்லை. பாடிக் காட்டினார். மூன்று விதமாக.

கேட்கும்போது நோட்டில் நிமிடம், விநாடி போட்டு எழுதுங்கள். '2:14, பிரிட்ஜுக்கு முன் மூச்சு எடுக்கவில்லை, ஏன்?' 'அற்புதமான குரல்' என்று எழுதினால் அன்றைக்கு அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

கூடவே பழைய பேட்டிகளையும் தேடிப் பாருங்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜாஸ் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு, நியூவார்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனம், ஹாமில்டன் கல்லூரியின் ஃபிலியஸ் ஜாஸ் காப்பகம் ஆகிய மூன்றிலும் மணிக்கணக்கான நேர்காணல்கள் இருக்கின்றன. படிப்பது அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பதற்காக இல்லை. அவர்கள் எங்கே நிறுத்தினார்களோ அங்கிருந்து தொடங்குவதற்காக.

3. முதல் விருந்தினராகப் பெரிய பெயரை வைக்காதீர்கள்

ஆசை இருக்கும். டீ டீ பிரிஜ்வாட்டர், செசில் மெக்லோரின் சால்வன்ட் என்று பட்டியல் போடுவீர்கள். ஆனால் முதல் நிகழ்ச்சியில் உங்கள் ஒலி சொதப்பும், நேரம் இழுக்கும், யாரோ ஒருவர் மைக்கை அணைக்காமல் குக்கர் விசிலை ஒலிபரப்புவார். அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவரை முதலில் அழையுங்கள்.

பாடுவதோடு கற்றும் கொடுக்கிறவர்கள் இதற்குப் பொருத்தம். மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக், நியூ ஸ்கூல், பெர்க்லீ, வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் குரல் ஜாஸ் கற்றுத்தருகிறவர்கள் மேடையிலும் தேர்ந்தவர்கள், விளக்கிச் சொல்லியும் பழகியவர்கள். ஆன்லைன் வகுப்பு எடுத்த அனுபவம் இருந்தால் நல்ல மைக்கும் வீட்டிலேயே இருக்கும்.

இளையவர்களைத் தேட, போட்டி முடிவுகளைப் பாருங்கள். சாரா வான் பிறந்த நியூவார்க்கில் அவர் பெயரிலேயே ஆண்டுதோறும் சர்வதேச ஜாஸ் குரல் போட்டி நடக்கிறது. 2019இல் அதை வென்ற சமாரா ஜாய் 2023இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி வாங்கினார். வென்றவர்கள் சீக்கிரம் கைக்கு எட்டாமல் போய்விடுவார்கள். இறுதிச் சுற்று வரை வந்தவர்களுக்கு எழுதுங்கள்.

4. கடிதம்

பாடகரின் இணையதளத்தில் கச்சேரி ஏற்பாட்டுக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என்று தனித்தனி முகவரி இருக்கும். உங்களுடையது பத்திரிகைப் பக்கம். கச்சேரிப் பக்கம் அனுப்பினால் மேலாளர் கச்சேரிக் கட்டணத்தைச் சொல்லுவார், நீங்கள் பயந்து ஓடிவிடுவீர்கள்.

கடிதம் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். முதல் வரியில் நீங்கள் கேட்ட ஒரு பாட்டும் அதில் ஒரு இடமும். பிறகு தொடரின் அச்சு, அவர் அதில் எங்கே வருகிறார், எத்தனை நிமிடம், எந்த வாரங்கள், பாடச் சொல்வீர்களா இல்லையா, தொகை எவ்வளவு, பதிவு எங்கே வெளியாகும். 'உங்கள் தீவிர ரசிகன்' என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு நாள்தோறும் வருகின்றன.

புது ஆல்பம் வருவதற்கு ஆறு வாரம் முன்பு எழுதினால் சம்மதம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஒரு தொல்லை உண்டு: அதே வாரம் அவர் இருபது பேருக்குப் பேட்டி கொடுத்து, பதில்கள் வழவழவென்று தேய்ந்து போயிருக்கும். எனக்கு ஆல்பம் இல்லாத மாதம்தான் பிடிக்கும்.

5. பணமும் ஒரு பக்க ஒப்பந்தமும்

தொகையை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். சிறிய தொகையானாலும் பரவாயில்லை. சொல்லாமல் விட்டால், 'விளம்பரம் கிடைக்குமே' என்று நினைக்கிற கூட்டத்தில் உங்களையும் சேர்த்துவிடுவார்கள். பியானோ வாசிப்பவர் உடன் வந்தால் அவருக்குத் தனித் தொகை. இதை மறக்கிற குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாடகர் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார், அடுத்த முறை வரமாட்டார்.

ஒப்பந்தத்தில் ஐந்து விஷயம் போதும்: பதிவு எங்கெல்லாம் வெளியாகும், எவ்வளவு காலம், துண்டுக் காட்சிகள் போடலாமா, வெளியிடும் முன் அவர் பார்ப்பாரா, பிடிக்காத பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை யாருக்கு. கூடவே, இசை நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தால் வேறு பதிவுகளில் பாட அவருக்குத் தடை இருக்கலாம். பேசலாம், பாட முடியாது என்ற நிலையை நேரலையில் கண்டுபிடிப்பது சங்கடம்.

6. நாளும் நேரமும்

ஜாஸ் பாடகரின் நாள் மற்றவர்களின் நாளல்ல. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் போன்ற கிளப்களில் ஒரு குழு செவ்வாய் முதல் ஞாயிறு வரை தொடர்ந்து வாசிப்பது வழக்கம். அன்றிரவின் இரண்டாவது செட் (கச்சேரிப் பகுதி) முடிந்து வீடு போய்ச் சேர நள்ளிரவு தாண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பாடச் சொல்வது கொடுமை. திங்கட்கிழமை, உள்ளூர் மதியம் 1 மணி, இதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

நியூயார்க் மதியம் 1 மணி என்பது அங்கே கோடை நேரம் நடக்கும்போது சென்னைக்கும் கொழும்புக்கும் இரவு 10:30. மற்ற மாதங்களில் 11:30. சிங்கப்பூர்க்காரர்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும். அவர்கள் பதிவைத்தான் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் வசதியான நேரம் என்று ஒன்று கிடையாது. பாடகரின் குரலுக்கு வசதியான நேரத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் அதற்கு வளையட்டும்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. ஆகவே லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் பாடகரென்றால், இடைப்பட்ட வாரங்களில் இரண்டு முறை சரிபாருங்கள்.

பகல் 11 மணிக்கு நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நவம்பரில் போஸ்டரில் பழைய வழக்கப்படி 'இந்திய நேரம் இரவு 8:30' என்று போட்டுவிட்டோம். பாடகி தன் ஊர் நேரப்படி சரியாக 11 மணிக்கு வந்தார். அதற்குள் எண்பது பேர் ஒரு மணி நேரம் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேல் தப்பே இல்லை. போஸ்டரில் எப்போதும் விருந்தினரின் ஊர் நேரம் முதலில், மற்ற ஊர்கள் அதற்குக் கீழே.

7. ஒலி

போஸ்டர் அச்சுக்குப் போகுமுன் இது முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால், 'பாடுவார்' என்று போஸ்டரில் போடலாமா கூடாதா என்பதை இந்தப் படிதான் தீர்மானிக்கும்.

வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. தொடர்ந்து ஒரே அளவில் வரும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அடக்கும். பாடகர் பிடிக்கும் நீண்ட சுரமும் அதற்கு மின்விசிறிதான். எங்கள் முதல் நிகழ்ச்சியில் நாங்கள் அமைப்பை மாற்ற மறந்திருந்தோம். விருந்தினர் பாட்டின் கடைசிச் சுரத்தை மெல்லியதாகப் பிடித்து நிறுத்தினார். வாய் திறந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது, எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. யாரோ 'மியூட்டில் இருக்கீங்க' என்று எழுதினார்.

இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் இயர்போன். கம்பி வைத்தது. புளூடூத் இயர்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். குரலின் மேல் பகுதி முழுக்கப் போய்விடும். இதைக் கடிதத்தில் எழுதினால் மட்டும் போதாது, ஒத்திகையில் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, இணையம். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராகக் கம்பி. முடியாவிட்டால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காரட்டும்.

மூன்றாவது, அறையும் மைக்கும். திரைச்சீலை, புத்தக அலமாரி, கட்டில் இருக்கும் அறை நல்லது. சமையலறையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். பேசும் அளவை வைத்து ஒலி அளவைத் திருகாதீர்கள். பாட்டின் மிக உரத்த வரியைப் பாடச் சொல்லி, அதுவும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மைக்கிடம் நெருங்கினால் அடிக்குரல் தடிக்கும் என்பதும், உரத்துப் பாடும்போது விலக வேண்டும் என்பதும் பாடகருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நாற்காலி நகர இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, செயலி அமைப்பு. ஜூம் என்றால் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்ந்து, அதற்குள் இருக்கும் ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோடையும் போடுங்கள். எக்கோ கேன்சலேஷனை எடுத்துவிடுங்கள். இயர்போன் போட்டிருந்தால்தான் இதைச் செய்யலாம், இல்லாவிட்டால் ஊளையிடும். அமைப்பில் தேர்ந்தால் மட்டும் போதாது, கூட்டத்துக்குள் வந்த பிறகு அதற்கான பொத்தானையும் அழுத்த வேண்டும். பத்தில் எட்டுப் பேர் இந்தக் கடைசிப் பொத்தானைத்தான் மறக்கிறார்கள்.

ஐந்தாவது, விருந்தினர் பக்கத்திலேயே தனிப் பதிவு. இணையத்தின் வழியாக வரும் ஒலி எப்படியும் நசுங்கித்தான் வரும். ரிவர்சைட், ஜென்காஸ்டர் போன்றவை ஒவ்வொருவர் கணினியிலேயே பதிந்து பிறகு மேலேற்றும். அது வேண்டாமென்றால், அழைப்புக்குப் பயன்படுத்தாத இன்னொரு செல்போனில் வாய்ஸ் மெமோ ஓடவிடச் சொல்லுங்கள். தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை எல்லோரும் பார்க்க ஒரு கைதட்டு. முதல் தட்டு இரண்டு பதிவையும் பொருத்த. இரண்டாவது தட்டு எதற்கென்றால், ஒரு மணி நேரத்தில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் கொஞ்சம் விலகிப் போயிருக்கும். எவ்வளவு என்று அது காட்டும்.

இனி, பாடுவது. 'நீங்கள் பாடுங்கள், எங்கள் கிதார் நண்பர் சென்னையிலிருந்து வாசிப்பார்' என்று சொல்லாமல் இருக்கும் குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை. நடக்காது. சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இடையில் ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் தாமதம் வரை சமாளிக்கலாம். மேடையில் 10 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம் அது. வீடியோ அழைப்பில் தாமதம் அதைப் போலப் பல மடங்கு. ஒருவரையொருவர் காத்துக் காத்துப் பாட்டு மாட்டு வண்டியாகிவிடும். ஜாக்டிரிப், ஜமுலஸ் போன்ற தாமதம் குறைந்த செயலிகள் உண்டு. அருகருகே உள்ள ஊர்களுக்குக் கம்பி இணையத்தோடு உதவும், கடல் தாண்டினால் அவற்றாலும் முடியாது.

வழி மூன்றுதான்: பாடகர் தானே பியானோ வாசிப்பது, வாசிப்பவர் அவர் அறையிலேயே இருப்பது, பக்கவாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் பாடுவது. எனக்கு மூன்றாவது. விரல் சொடுக்கு இரண்டாவது, நான்காவது அடியில் விழ, வெறும் குரலில் பாடினால் காலப்பிரமாணம் எவ்வளவு பிடிப்பாக இருக்கிறதென்று பச்சையாகத் தெரியும்.

ஒத்திகையை மூன்று நாள் முன்பு, அதே அறை, அதே கணினி, அதே மணியில் வையுங்கள். பக்கத்து வீட்டு நாய் எந்த மணிக்குக் குரைக்கும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

8. பாட்டுத் துண்டு போடுவதும் உரிமையும்

'30 விநாடி வரை போடலாம்' என்பது சும்மா பேச்சு. அப்படி ஒரு சட்டம் கிடையாது.

பாட்டுக்கு ஒரு உரிமை, அதைப் பாடிய பதிவுக்கு வேறொரு உரிமை. டபிள்யூ. சி. ஹேண்டியின் 'செயிண்ட் லூயிஸ் புளூஸ்' 1914இல் வெளியானது. அமெரிக்காவில் அந்தப் பாட்டுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது, யாரும் பாடலாம். ஆனால் அதையே 1950களில் ஒருவர் பாடிய பதிவை நீங்கள் ஓடவிட முடியாது. கெர்ஷ்வினின் 'சம்மர்டைம்' 1935. வெளியானதிலிருந்து 95 ஆண்டு என்ற கணக்கில் அமெரிக்காவில் 2030 முடியும் வரை உரிமை உண்டு. மற்ற நாடுகளின் கணக்கு வேறு.

யூடியூபில் பதிவைப் போட்டால் கன்டென்ட் ஐடி என்ற அதன் தானியங்கி முறை கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை வைக்கும்; சில நேரம் அந்த வீடியோ சில நாடுகளில் தெரியாமல் போகும். ஆகவே பதிவைப் போடாமல், 'அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு, 2:14' என்று சொல்லி, பாடகரையே நான்கு வரி பாடச் சொல்லுங்கள். அவருடைய சொந்தப் பதிவைப் போட வேண்டுமென்றாலும் இசை நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். பாடியவர் அவராக இருந்தாலும் உரிமை அவரிடம் இல்லாமல் இருக்கலாம்.

9. கேள்விகள்

ஒரு மணி நேரத்துக்கு ஏழு கேள்வி போதும். இருபது எழுதி வைத்திருப்பவர் பதிலைக் கேட்கமாட்டார், அடுத்த கேள்வியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

'உங்கள் இசைப்பயணம் எப்படித் தொடங்கியது?' என்று தொடங்காதீர்கள். பதில் இருபது நிமிடம் ஓடும், அதுவும் மனப்பாடமாக. 'இன்று காலை எழுந்ததும் குரல் எப்படி இருந்தது, அதை என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். கையில் இருக்கும் விஷயம். யோசிக்க வேண்டியதில்லை, பெருமையடிக்கவும் இடமில்லை.

இரண்டாவது, மூன்றாவது கேள்வி உங்கள் நோட்டிலிருந்து, குறிப்பிட்ட பாட்டின் குறிப்பிட்ட இடம் பற்றி. அதன் பிறகு மேடை: டெம்போவை டிரம்மருக்கு எப்படிச் சொல்கிறீர்கள், முடிவை எப்படிக் கைகாட்டுகிறீர்கள், பியானோக்காரர் உங்கள் கட்டைக்கு வர மறுத்தால் என்ன செய்வீர்கள். ஜாஸ் உலகில் பாடகரை வாத்தியக்காரருக்கு ஒரு படி கீழாக வைக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. பாடகரை முழு இசைக்கலைஞராக மதித்துக் கேட்கும் கேள்விகள் அவருக்கு உடனே புரியும்.

ஸ்கேட் பற்றி, அதாவது பொருளில்லாத அசைகளை வைத்துக் கற்பனையாகப் பாடுவது பற்றி, முதலிலேயே கேட்காதீர்கள். கேட்டாலும் 'ஸ்கேட் என்றால் என்ன' என்று கேட்காதீர்கள். 1960இல் பெர்லின் கச்சேரியில் எலா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 'மேக் த நைஃப்' பாட்டின் சொற்கள் மறந்துபோய், நிற்காமல் தானே சொல் கட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கே கிராமி கிடைத்தது. அதைச் சொல்லி, 'சொல் மறந்த உங்கள் மேடை எது?' என்று கேளுங்கள். எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது.

நம்மவர்களுக்கென்றே ஒரு பிழை உண்டு. 'எங்கள் கொன்னக்கோலும் உங்கள் ஸ்கேட்டும் ஒன்றுதானே?' என்று கேட்டுவிட்டு, கொன்னக்கோல் பற்றிப் பத்து நிமிடம் விளக்குவது. விருந்தினர் மரியாதைக்குத் தலையாட்டுவார். அந்த ஒப்பீடு கட்டாயம் வேண்டுமென்றால், ஒரு நிமிடப் பதிவை இரண்டு நாள் முன்பே அனுப்பி, அவர் காதில் என்ன விழுந்தது என்று மட்டும் கேளுங்கள்.

இன ஒடுக்குமுறை பற்றிய பாட்டுகளைத் தொடுவதென்றால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். பில்லி ஹாலிடே 1939இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பற்றிக் கறுப்பினப் பாடகர் ஒவ்வொருவரும் பேசியாக வேண்டும் என்பது இல்லை. அவர் அதைப் பாடுகிறவரா என்று பாருங்கள். பாடுகிறவரென்றால் கச்சேரியில் எந்த இடத்தில் வைக்கிறார், அடுத்து என்ன பாடுகிறார் என்று கேட்கலாம்.

10. அன்றைக்கு

விருந்தினர் அரை மணி முன்னதாக வரட்டும். ஒரிஜினல் சவுண்ட் பொத்தான், இயர்போன், தனிப் பதிவு ஓடுகிறதா, கைதட்டு. தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; இணைப்பு போனால் மின்னஞ்சலைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

அறிமுகம் ஒரு நிமிடம். விருதுப் பட்டியலை அறிவிப்பில் போட்டாயிற்று.

அவர் பேசும்போது 'ம்ம்', 'ஆமாம் ஆமாம்' சொல்லாதீர்கள். நமக்கு அது மரியாதை. செயலிக்கு அது இன்னொருவர் பேசத் தொடங்கியதற்கான அடையாளம், அவர் குரலை அமுக்கிவிடும். தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்ததும் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். நல்ல பகுதி பெரும்பாலும் அந்த மூன்றுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில்தான் வருகிறது.

பாட்டை முதல் பாதியில் வைக்காதீர்கள். பேசிப் பேசிக் குரல் இளகி வரும்; நாற்பதாவது நிமிடம் சரியான இடம். பார்வையாளர் கேள்விகளைத் திரட்டுபவர் படித்துத் தேர்ந்து நெறியாளருக்கு அனுப்பட்டும். மைக்கைக் கொடுத்தால் கேள்வி வராது, உரை வரும்.

11. தொகுப்பும் வசன வரியும்

மூச்சுச் சத்தத்தை அழிக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் கருவியை முழு வேகத்தில் ஓட்டினால், ஜாஸ் பாடகரின் தாள உணர்வில் பாதி இருக்கும் அந்த மூச்சும் மெய்யெழுத்துகளும் போய்விடும். பாடும் பகுதியில் கருவியை அணைத்துவிடுங்கள். பேசும் பகுதியில் கொஞ்சமாக. அவர் யோசித்து நிறுத்திய இடங்களையும் வெட்ட வேண்டாம்.

பேச்சு ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழ் வசன வரி தேவை. உடனுக்குடன் மொழிபெயர்ப்பவரை நேரலையில் உட்கார வைத்துப் பார்த்தோம். பேச்சின் லயமே உடைந்தது. பதிவுக்குப் பிறகு எழுதுவதுதான் நல்லது. தானியங்கி வசன வரி கலைஞர் பெயர்களையும் பாட்டுப் பெயர்களையும் குதறிவிடும். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். ஸ்விங், பிரிட்ஜ், ஸ்கேட் என்பதையெல்லாம் அப்படியே விடுங்கள். ஒருவர் 'பிரிட்ஜ்' என்பதைப் 'பாலம்' என்று போட்டிருந்தார், 'பாலத்தில் மூச்சு வாங்குவதில்லை' என்று திரையில் ஓடியது.

யூடியூபில் நேரக்குறிப்புகள் போடும்போது 00:00இல் தொடங்கி, குறைந்தது மூன்று பகுதி இருந்தால்தான் அவை பகுதிகளாகத் தெரியும். பாடும் இடத்துக்கு ஒன்று கட்டாயம்.

12. வெளியிட்ட பிறகு

தொகையை நிகழ்ச்சி நடந்த வாரமே அனுப்புங்கள். அதே மின்னஞ்சலில் அவர் பாடிய பகுதியின் தூய ஒலிக்கோப்பையும் இணையுங்கள். பலர் தங்கள் பக்கத்தில் அதைப் போடுவார்கள்.

கூடவே ஒரு கேள்வி: 'நீங்கள் யார் பாடுவதைக் கேட்கப் போவீர்கள்?' அடுத்து யாரை அழைக்கலாம் என்று கேட்டால் தெரிந்த பெரிய பெயரைச் சொல்வார்கள். இப்படிக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் மட்டும் சின்ன இடத்தில் பாடும் யாரோ ஒருவரைச் சொல்வார்கள். எங்கள் ஏழாவது விருந்தினர் அப்படித்தான் வந்தார். அவருக்கு இணையதளம்கூட இல்லை, அதனால் கடிதத்தை முந்தைய விருந்தினரே கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்.